அட்டாலிக்குப் பத்துப் படி

மே 1, வியாழன்

உழைப்பாளர் தினம். ஊரில் உழைக்கிறவர்களுக்கெல்லாம் லீவு. எங்கள் வீட்டில் மட்டும் அப்பா காலை ஏழு மணிக்கே டேப்பும் பென்சிலுமாக உழைக்க ஆரம்பித்துவிட்டார். அட்டாலிக்கு ஏணி வைக்கப் போகிறாராம்.

அட்டாலி எங்கள் பாத்ரூமுக்கு மேலே இருக்கிறது. தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஒரு சதுர வாய். உள்ளே குனிந்து உட்கார்ந்தால் இரண்டு பேர் தாயம் ஆடலாம். வீட்டில் தூக்கிப்போட மனசு வராத சாமான் எல்லாம் அங்கேதான். போன அக்டோபரில் அந்த வாயில் பிளைவுட் வைத்து ஆணி அடித்து மூடியவர் அப்பா. இப்போது திறக்கக் காரணம் நான். பத்தாவது ரிசல்ட் வரப்போகிறது. பிளஸ் ஒன் சேர சாதிச் சான்றிதழ் ஒரிஜினல் வேண்டும். அது உள்ளே தகரப் பெட்டியில் கிடக்கிறது. வருஷம் முழுக்க "படி படி" என்று சொன்ன அப்பா, கடைசியில் பத்துப் படி செய்தே தருகிறார்.

"ஒரு நாளு வேலைக்கு எதுக்குங்க புது ஏணி? ரஞ்சிதம் வீட்ல வாங்கிக்கலாமில்ல" என்றாள் அம்மா.

"அடுத்த வீட்டு ஏணியெல்லாம் நம்ப முடியாது. நீ உள்ள போயி உக்காரு கோகிலா."

ஏணியைப் பிரித்தால் ஏன் நீ என்று வருகிறது. அம்மா எதைத் தொட்டாலும் அப்பா இப்போதெல்லாம் கேட்பது அதைத்தான். ஏன் நீ?

கதை இதுதான். போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அம்மா முறுக்கு அச்சு எடுக்க ஏறினாள். கீழே மேசை, மேசை மேல் முக்காலி, முக்காலி மேல் அம்மா. அப்பா முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா விழுந்தாள். இடது மணிக்கட்டு உடைந்தது, தலையில் ஆறு தையல். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் "தலை சுத்திருச்சுங்க" என்றாள்.

கை சேர்ந்துவிட்டது. தையல் முடிக்குள் மறைந்துவிட்டது. தலைசுற்றல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஏழு மாதமாக அம்மா தனியாக பஸ் ஏறக்கூடாது, மொட்டை மாடிக்குப் போகக்கூடாது, ஸ்கூட்டரைத் தொடவே கூடாது.

எங்கள் அம்மா ஸ்கூட்டர் டீச்சர். சிங்காநல்லூர் ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவாள். பதினோரு வருஷத்தில் நூற்று நாற்பது பேர். இப்போது அந்தச் சாம்பல் நிற ஸ்கூட்டர் போர்ட்டிகோவில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் வந்து அதை விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதற்கு முன்னால், அதுவும் வேறு யாரும் ஏறுவதற்கு முன்னால், நான் அந்த அட்டாலிக்குள் போக வேண்டும்.


மே 2, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நோட்டு யாரிடமும் போய்ச் சொல்லாது.

என் பெயர் சுகிர்தா. சேட்டையில் டாக்டர் பட்டம், படிப்பில் கம்பவுண்டர். மூன்றாம் வகுப்பிலிருந்து இன்று வரை நான் செய்ததை எல்லாம் எழுத இந்த நோட்டு போதாது. அதனால் ஒன்றே ஒன்று.

கம்பியை 'ப' மாதிரி வளைக்க வேண்டும். இரண்டு முனைக்கும் குறுக்கே ரப்பர் பேண்டு. ரப்பர் பேண்டின் நடுவில் இரும்பு வாஷர். வாஷர் அப்பாவின் பெட்டியில் கிடைக்கும். அதைப் பிடித்து நன்றாக முறுக்கி, மேலே ஒரு மூடியை வைத்து அழுத்திவிட்டால் சும்மா இருக்கும். மூடியைத் திறந்ததும் விர்ர்ர்ரென்று தகரத்தில் அடித்துக்கொண்டு சுற்றும். கேட்கிறவர்களுக்கு உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும்.

முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் அட்டாலிக்கு ஏறி, முறுக்கு அச்சு டப்பாவில் முறுக்கி வைத்தேன். எழுதும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

அம்மா அச்சைக் கீழே கொண்டுவந்து சமையலறையில் வைத்துத் திறப்பாள், அலறுவாள், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். அதுதான் ஏற்பாடு. மேலேயே நின்றுகொண்டு, அச்சுக்குப் போடுகிற வில்லை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்ப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவே தலை சுற்றியது என்றுதானே சொன்னாள்? டப்பா திறந்த நேரமும் தலை சுற்றிய நேரமும் ஒன்றாக அமைந்திருக்கலாம். அப்படி நடக்காதா என்ன?

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் தரை முழுக்கத் தேடினேன். இல்லை. அப்படியென்றால் மேலே டப்பாவுக்குள்தான் இருக்கிறது. ஏறிப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதற்குள், இரண்டு நாள் கழித்து அப்பா ஆணி அடித்துவிட்டார்.


மே 4, ஞாயிறு

அப்பா பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். அவர் சரி பார்த்த பிறகுதான் எந்தச் சாமானும் வெளியே போகும். சரி என்றால் பச்சைப் பெயிண்ட், சரியில்லை என்றால் சிவப்பு. சிவப்பு வைத்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். "காரணம் இல்லாம ஒரு பீஸும் கெட்டுப் போறதில்ல அம்மிணி" என்பார்.

வீட்டில் அம்மாவுக்கும் ஒரு ஃபைல் போட்டிருக்கிறார். தேதி, டாக்டர், டெஸ்ட், முடிவு, காரணம் என்று ஐந்து கட்டம். மூளை ஸ்கேன், நார்மல். காது, நார்மல். ரத்தம், நார்மல். கழுத்து எலும்பு, நார்மல். கடைசிக் கட்டம் மட்டும் ஒன்பது வரிக்கும் காலி. இன்று ஏணிக்கு அளவு எழுத அதே ஃபைலில் ஒரு தாள் உருவினார். அப்போது பார்த்தேன்.

அம்மா தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லாந்தான் நார்மலுன்னு வந்துருச்சே. இன்னும் என்னங்க?"

"அதுதான் பயமே. என்னன்னு தெரிஞ்சா மருந்து குடுக்கலாம். தெரியலீன்னா எப்ப வேணும்னாலும் வரும். நடு ரோட்டுல, பின்னாடி ஒரு பொம்பள உக்காந்திருக்கறப்ப வந்துச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்க."

"எல்லாப் பேஷண்டும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அம்மா தோசையைத் திருப்பினாள். கருகியிருந்தது. அதை எனக்குப் போட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ரஞ்சிதம் அக்கா காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அம்மாவிடம் பாதியில் நின்றுபோன மாணவிகளில் அவளும் ஒருத்தி. "வண்டியக் குடுக்கப் போறீங்களாமா? நெசமாவா கோகிலாக்கா? எனக்கு ஸ்டார்ட் பண்ண வரும், ஓட்ட வரும், நிறுத்த மட்டும் வராது."

"நிறுத்தச் சொல்லித் தர்றதுக்குள்ள கிளாஸை நிறுத்திட்டாங்க" என்றேன் நான்.

ரஞ்சிதம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி உலர்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.


மே 6, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைதோறும் அப்பா போன பிறகு அம்மா பெட்ஷீட்டை விலக்கி வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறாள், பேட்டரி செத்துவிடக் கூடாது என்று. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.


மே 8, வியாழன்

ஏணி வந்தது. வெல்டிங் பட்டறையில் அப்பா கூடவே நின்று செய்து வாங்கியிருக்கிறார். இரும்புச் சட்டம், பத்துப் படி, நடுவில் கீல். மேல் முனையை அட்டாலி வாயில் கீல் வைத்து மாட்டிவிட்டால் கீழிருந்து கயிற்றை இழுத்ததும் இரண்டாக மடிந்து மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு படியிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி. பத்துப் படி, பத்துப் புள்ளி.

மில்லிமீட்டர் பிசகாமல் அளந்த அப்பா ஒன்றை மறந்துவிட்டார். ஏணியை விரித்தால் அதன் கால் சரியாக ஃபிரிட்ஜ் கதவுக்கு எதிரில் வருகிறது. மே ஒன்றாம் தேதி அளந்தபோது கழுவுவதற்காக ஃபிரிட்ஜைத் தள்ளி வைத்திருந்தோம்.

"இனி ஐஸ் வாட்டர் குடிக்கணும்னா ஏணிக்கு அந்தப் பக்கம் பிறந்திருக்கணும்" என்றேன். அப்பாவே சிரித்துவிட்டார். ஏழு மாதத்தில் அவர் சிரித்ததை நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். இது நான்காவது.

ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போய்விட்டது. டி.வி. பார்த்துக்கொண்டே தயிர் எடுக்கலாம்.


மே 11, ஞாயிறு

மூன்று மணி நேரம் டிரில் போட்டார்கள். வீடெல்லாம் சிமெண்ட் தூள். பிளைவுட்டைக் கழற்றும்போது நான் அதற்கு அடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தேன்.

பட்டறைக்காரர் போன பிறகு அப்பா ஏணியைச் சோதித்தார். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் படியில் கட்டித் தொங்கவிட்டார். நான்கு சிப்பம், நூறு கிலோ. பத்து நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மறுபடியும் முதல் போல்ட்டிலிருந்து. அவர் வாயிலேயே எண்ணிக்கொள்வது கேட்டது. இவ்வளவு பயந்து ஒரு ஏணி செய்கிறவரை நான் பார்த்ததில்லை. விழுந்தது அவர் இல்லையே.

"சரி. நான் ஏறிப் பாக்கறேன்" என்றார்.

"வேண்டாங்ப்பா. நூறு கிலோதான் சோதிச்சீங்க. உங்களுக்கு இன்னொரு சிப்பம் வேணும். நான் போறேன்."

தகரப் பெட்டியை எடுக்கத்தானே என்று விட்டுவிட்டார். ஏறினேன். கீழே அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணி சுவரோடு போல்ட் போட்டிருக்கிறது, பிடிக்கவே வேண்டியதில்லை.

உள்ளே இருட்டு, பழைய பாய் வாசனை. டார்ச் அடித்தேன். முறுக்கு அச்சு டப்பா வாசல் ஓரத்திலேயே பக்கவாட்டில் கிடந்தது. மூடி தனியே கிடந்தது. அச்சு இருந்தது. நட்சத்திர வில்லை, ஓமப்பொடி வில்லை, ஒற்றைக் கண் வில்லை எல்லாம் சிதறிக் கிடந்தன.

அது இல்லை.

பாய்க்கு அடியில் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். விரலால் மூலையெல்லாம் தடவினேன்.

"என்ன அம்மிணி இவ்வளவு நேரம்?"

"பல்லி முட்டைங்ப்பா. எண்ணிட்டு இருக்கேன்."

பெட்டியை இறக்கினேன். சான்றிதழ் கிடைத்தது. எடுத்துக்கொண்டு பெட்டியைத் திரும்ப மேலேயே வைத்தேன். அப்பா பத்தாவது படியிலிருந்து முதல் படி வரை ஈரத் துணியால் துடைத்தார்.


மே 12, திங்கள்

தேடப்படுவோர் பட்டியல்.

அப்பா: அவர் கையில் கிடைத்திருந்தால் அந்தக் காலிக் கட்டம் அன்றே நிரம்பியிருக்கும். விடுதலை.

எலி: ரப்பர் பேண்டைத் தின்னும், கம்பியைத் தின்னாது. விடுதலை.

நான்: அன்று தரையைத்தான் தேடினேன். மேலே ஏறவே இல்லை.

அம்மா:


மே 13, செவ்வாய்

இன்று வண்டி ஓடும் சத்தம் கேட்டும் நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை.


மே 15, வியாழன்

அம்மா கையில் அப்போது ஏதோ இருந்தது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இல்லை, அப்படி எழுதுவது சரியில்லை. எப்போதும் ஞாபகம் இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது வலது கையை மூடியே வைத்திருந்தாள். உடைந்தது இடது கை. வலியில் இறுக்கியிருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னதாக அப்பா சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

காலையில் வண்டியை எடுக்கப் போகிறவர் போன் செய்து, கண்ணாடி இரண்டும் இருக்கிறதா, சீட் கிழிந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மத்தியானம் அம்மா பெட்ஷீட்டை எடுத்துவிட்டு ஷாம்பூ கலந்த தண்ணீரில் வண்டியைக் கழுவினாள். மஞ்சள் பூசணிப்பூ நிறத்தில் ஒரு பழைய நைட்டி, அதைக் கிழித்துத் துடைத்தாள். முன் மட்கார்டில் நான்கைந்து கீறல்கள். எது யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். "இது ஹெச்.எம். டீச்சர், வேப்ப மரத்துல விட்டது. இது ரஞ்சிதம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நான் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"பரீட்சைதான் முடிஞ்சுதே, இப்பவும் ஏன் வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கிற?" என்றாள். "அக்டோபருக்கு அப்பறம் நீ ஒரு சேட்டையும் பண்ணுல. தெரியுமா?"

"பெரிய மனுசி ஆயிட்டேன்."

"அப்படியா" என்றாள். துடைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மாவுக்குக் கழுத்துல தாலி, தலைக்கு மேல அட்டாலி."

அம்மா மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.


மே 17, சனி

அப்பா பூட்டு வாங்கிவந்தார்.

ஏணியின் கயிற்று முனையில் ஒரு அடி நீளச் சங்கிலி. அது சுவரில் ஒரு கொக்கியில் மாட்டும். கொக்கியில் பூட்டு. பூட்டைத் திறந்தால்தான் ஏணி கீழே வரும். சாவி அப்பாவின் சாவிக்கொத்தில், கம்பெனி லாக்கர் சாவிக்குப் பக்கத்தில்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"இது யாருக்குங்க?"

அப்பா ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே, "உனக்குத்தான் கோகிலா. நானில்லாதப்ப ஏதோ வேணும்னு நீ பாட்டுக்கு ஏறிடுவே. உன்னைப் பத்தித் தெரியாதா?" என்றார். கோபமே இல்லை. குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிற மாதிரி அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

அம்மா பூட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. உள்ளே போய் குக்கரை அணைத்தாள். குக்கர் விசில் அடித்திருக்கவே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஒரு ஜோக் தயாரித்து வைத்திருந்தேன், பூட்டு பற்றி, நல்ல ஜோக். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

நாளை பத்து மணி.


மே 18, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஒன்பதே காலுக்கு அப்பா வண்டிப் பேப்பர்களை மேசையில் அடுக்கினார். ஆர்.சி. புக் மட்டும் இல்லை. அதுவும் மேலே தகரப் பெட்டியில்தான். பூட்டைத் திறந்து ஏணியை இறக்கி, "ஓடு அம்மிணி, எடுத்துட்டு வா" என்றார்.

ஏறினேன். புக் உடனே கிடைத்தது.

"கெடச்சுதா?"

"கெடச்சுதுங்ப்பா."

"அப்ப எறங்கு."

இறங்கவில்லை. உள்ளே குனிந்து உட்கார்ந்து ஏணியை மடித்து மேலே இழுத்துக்கொண்டேன். இதைத் திட்டமிடவில்லை. கீழே நின்று அவர் முகத்துக்கு நேராக என்னால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

"இதென்ன வெளையாட்டு? அவரு பத்து மணிக்கு வந்துருவாரு."

"அப்பா, அம்மாவுக்குத் தலை சுத்துலீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, ரப்பர் பேண்டு, வாஷர், டப்பா. கதவுக்குப் பின்னால் நான் நின்றது. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "வண்டி போறது உனக்குப் புடிக்கல. எனக்கு மட்டும் புடிக்குதா? அதுக்காக இப்படியெல்லாம் இட்டுக்கட்டக் கூடாது சாமி. எறங்கி வா."

பதினாறு வருஷத்தில் நான் சொன்ன எல்லாப் பொய்யையும் அப்பா நம்பியிருக்கிறார். குழாயில் மீன் வந்தது, ஸ்கூலுக்கு மந்திரி வருகிறார், எல்லாம். ஒரே ஒரு உண்மை சொன்னேன், நம்பவில்லை.

"சத்தியமா அப்பா."

"சத்தியமுன்னு நீ எத்தனை வாட்டி சொல்லியிருக்கே?" சட்டென்று இன்ஸ்பெக்டர் குரல் வந்தது. "சரி, என்ன வாஷரு?"

"உங்க பெட்டியில இருந்துதான். எட்டு எம்.எம்."

"எத்தனை?"

"ரெண்டு. ரெண்டுன்னுதான் ஞாபகம்."

மிக்ஸி நின்றது.

"மூணு" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மேலேயிருந்து எனக்கு அவளுடைய வகிடும் அதன் பக்கத்தில் தையல் போட்ட இடமும் தெரிந்தன.

"மூணு வாஷருங்க. ரெண்டு பெருசு, நடுவால ஒண்ணு சின்னது. சின்னதுல பச்சைப் பெயிண்ட் இருந்துச்சு."

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பச்சையை வைத்தது அவர்தானே.

பிறகு கேட்டார். "அன்னிக்கே ஏன் சொல்லுல கோகிலா?"

"சொல்லீருந்தா இவள என்ன பண்ணீருப்பீங்க? நான் ஆஸ்பத்திரியில கெடக்கறேன், வீட்ல நீங்க ரெண்டு பேருந்தான். அந்த நேரத்துக்கு வாயில வந்ததச் சொன்னேன். ஒரு வாரம் போவட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள ஸ்கேன்னீங்க, காதுன்னீங்க. ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்கன்னு நூறு வாட்டி சொன்னேன். ஒரு வாட்டி கேட்டீங்களா?"

"நெசத்தச் சொல்லியிருக்கலாமில்ல."

"அத நான் ஏன் சொல்லோணும்?" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். கட்டுப் பிரிக்கறப்பச் சொல்லுவேன்னு பாத்தேன். பரீட்சை முடியட்டும்னு பாத்தேன். நேத்துப் பூட்டு மாட்டறப்பக்கூடப் பாத்தேன். வண்டி போனாப் போவட்டும், இவ என்ன செய்யறான்னு பாத்தரலாம்னு இருந்தேன்."

எனக்கு எந்த ஜோக்கும் வரவில்லை. பாய் மேல் உட்கார்ந்திருந்தேன், முழங்கால் தாடையில் இடித்தது.

அப்போது அப்பா சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "முக்காலிய அன்னிக்கு நான் புடிச்சிருக்கல கோகிலா. போன் வந்துச்சு. கம்பெனியிலிருந்து. ரெண்டு கையையும் எடுத்துட்டேன். நீ தலை சுத்துச்சுன்னு சொன்னப்ப, எனக்கு... எனக்கு நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு."

"தெரியுங்க. மேல நிக்கறவளுக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் சொன்னாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

அம்மா என்னிடம் கையை நீட்டினாள். "புக்கக் கீழ போடு." போட்டேன். ஒரு கையால் பிடித்தாள். அப்பாவைப் பார்த்து, "நீங்களே போயிச் சொல்லுங்க" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"காரணம் கேப்பாரு. சொல்லுங்க."

அப்பா சட்டையை நீவிவிட்டுக்கொண்டு போனார். அட்டாலியிலிருந்து வாசல் தெரியாது, ஆனால் கேட்கும். வந்தவர் சொந்தக்காரர் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார் போலிருக்கிறது, இரண்டு குரல் கேட்டது. அப்பா முதலில் எதையோ மென்று விழுங்கினார். பிறகு தெளிவாக, "மன்னிச்சுக்கோங்க. ஓட்டறவங்க வீட்லயேதான் இருக்காங்க. நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம்" என்றார்.

என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை. மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன்.


மே 20, செவ்வாய்

அம்மா எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், கேட்டால் தலையாட்டுகிறாள். நானும் அப்பாவும் ஒரே ஜெயிலில் அடைபட்ட இரண்டு கைதிகள் மாதிரி உப்பை நகர்த்திக்கொள்கிறோம்.

இன்று காலை அப்பா சாவிக்கொத்திலிருந்து பூட்டுச் சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அம்மா அதை எடுத்துப் பூட்டைத் திறந்தாள், கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். ஏணியை இறக்கினாள். அப்பா பதறி எழுந்தார்.

"யாரும் புடிக்க வேண்டாம்" என்றாள், எங்களிடம் இல்லை, ஏணியிடம் சொல்கிற மாதிரி.

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். நானும் அப்பாவும் இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். ஆறாவது படியில் நின்றாள். அப்பாவும் நானும் ஓரடி முன்னால் வந்தோம். புடவை மாட்டியிருந்தது, விடுவித்துக்கொண்டு மேலே போனாள். பத்து நிமிடம் உள்ளே என்னென்னவோ உருட்டினாள். சிதறிக் கிடந்த முறுக்கு வில்லைகளைப் பொறுக்கி டப்பாவில் போடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இறங்கி வந்து கை கழுவினாள்.

அப்பா சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.


மே 22, வியாழன்

ரஞ்சிதம் அக்கா சுவருக்கு மேலிருந்து, "திங்கக்கெழமையா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். அம்மா வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டாளாம். எனக்கு வரவில்லை.


மே 26, திங்கள்

ஐந்து மணிக்கு அம்மா என் போர்வையை உருவினாள். எட்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "எந்திரி."

மைதானத்தில் ஏழு பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேர் பழையவர்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் நாகரத்தினம் அக்கா. பால் சொசைட்டியில் வேலை, வயது ஐம்பத்திரண்டு, சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மகன் வெளிநாடு போய்விட்டானாம், காலையில் சொசைட்டிக்குக் கொண்டுபோய் விட ஆளில்லை. ஹாண்டில்பாரை ஆட்டுக்குட்டியின் கொம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

அம்மா என்னைப் பார்க்காமல் வண்டியின் பின் கம்பியைக் காட்டினாள். "புடி."

பிடித்தேன்.

"அவங்க கூடவே ஓடு. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது."

ஓடினேன். ஒரு ரவுண்டு, இரண்டு ரவுண்டு. செருப்பு மண்ணில் வழுக்கியது. வண்டி இடப்பக்கம் சாயும்போதெல்லாம் முழு எடையும் என் கையில் வந்து விழுந்தது. "கண்ணு, விட்ராத, விட்ராத கண்ணு" என்று நாகரத்தினம் அக்கா திரும்பிப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் "ஐயோ விட்டுட்டேன்" என்று கத்தியிருப்பேன். இன்று அப்படி ஒன்று தோன்றியது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது ரவுண்டில் வண்டி நேராகப் போக ஆரம்பித்தது. அம்மா மைதானத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"விடு" என்றாள்.

நான் விடவில்லை.

"சுகி, விடு."

விரல் பிரியவில்லை. எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மூச்சிரைத்துக்கொண்டு இன்னும் பாதி ரவுண்டு ஓடினேன். அம்மா குறுக்கே நடந்து வந்து, என் கூடவே நாலு எட்டு ஓடி, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. நாகரத்தினம் அக்காவுக்குத் தெரியாது. "விட்ராத கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வேப்ப மரத்தைத் தாண்டி, ரேஷன் கடைச் சுவரை ஒட்டித் திரும்பினாள். புழுதிக்குள் இரண்டு கையையும் நீட்டியபடி நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்றாள். கண் வண்டி மேலேயே இருந்தது.

"செருப்புப் போட்டு ஓடுனா வழுக்கும்" என்றாள். "நாளைக்கு ஷூ போட்டுட்டு வா."

ஷூவைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்த வெயிலுக்குள் காய்ந்துவிடும்.